குன்றேறி இறங்கும் நாள்

செம்பூர் சேடா நகரில் எழுந்தருளியுள்ள முருகப் பெருமானைத் தரிசிக்க 108 படிகள் ஏறிச் செல்லவேண்டும். கிருத்திகை நாட்களில் அப்படிக்கட்டின் ஓரமாகச் சற்றே நின்று நோக்கினால் இருவகை மாந்தரைக் காணலாம். ஒருவகையினர் பாதி வழியில் அமர்ந்து, "மூச்சு வாங்குகிறது, நீங்கள் முன்னால் போங்கள்" என்று உடன் வந்தோரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவர். மற்றொரு வகையினர் ஒன்றும் சொல்லார். கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, கோபுரத்தை வணங்குவார் போலச் சிறிது நின்று, மூச்சு அடங்கியபின் புன்னகையுடன் மேலே செல்வர். நாம் நெடுங்காலம் இவ்விரண்டாம் வகையினரையே உயர்ந்தோர் என எண்ணி வந்தோம். நாமும் அவ்வகையைச் சார்ந்தவரே என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

தன் உடலின் தளர்ச்சியை உடன் வருவோரிடமிருந்து மறைப்பது பொறையுடைமையா, பொய்மையா? இவ்வினாவை நாம் நூல்களில் தேடிச் சென்று கண்டதில்லை. செம்பூர்ப் படிக்கட்டிலும் அது எழவில்லை. கடல் மட்டத்திற்கு 3,500 மீட்டர் மேலே, லே நகரத்தில், ஒரு சிறு குன்றின்மீது ஏறி இறங்கிய நாளில் அது நம் முன் வந்து நின்றது.

நாம் மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தர் பணி பார்த்து வருகிறோம். அரசு ஊழியர்க்கு எல்.டி.சி. எனும் விடுமுறைப் பயணச் சலுகை உண்டென்பதை அன்பர்கள் அறிவர். சொந்த ஊருக்குச் செல்லும் சலுகையை லடாக் செல்வதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற விதிதளர்வைப் பயன்படுத்தி, 2023 ஆகஸ்டில் துணைவியாருடனும் கல்லூரியிற் பயிலும் மகளுடனும் அங்குச் சென்றோம். உண்மையில் பயணத்திற்குக் காரணமானவள் எம் மகளே. அவள் தோழியருடன் ஒரு மலையேற்றக் குழுவில் சேர்ந்து, காங் யாத்சே இரண்டாம் சிகரத்தில் ஏறுவதற்குப் பணம் கட்டியிருந்தாள். அச்சிகரம் 6,000 மீட்டருக்கு மேற்பட்டது. மகளை வழியனுப்பும் சாக்கில் நாமும் இமயத்தைக் கண்டு வரலாம் என்பது எம் எண்ணம்.

அவள் ஏற்கெனவே கல்சுபாய் ஏறியவள். மகாராட்டிரத்தின் மிகவுயர்ந்த அச்சிகரத்தின் உயரம் 1,646 மீட்டர். மும்பை இளைஞர்கள் சனிக்கிழமை இரவு லோக்கல் வண்டியில் கசாரா வரை சென்று, அங்கிருந்து சாலை வழியே பாரி என்னும் சிற்றூரை அடைந்து, இருளிலேயே ஏறத் தொடங்குவர். செங்குத்தான இடங்களில் இரும்பேணிகள் உண்டு. உச்சியில் கல்சுபாய் அம்மனுக்கு ஒரு சிறு கோயில் உண்டு. எம் அலுவலகத்து இளைஞரும் இமயம் செல்லுமுன் இதில் ஏறித் தம்மைப் பதப்படுத்திக்கொண்டதாகப் பெருமை கூறுவர். கால்களுக்கு அது நற்பயிற்சியே. ஆயின் உயரத்துக்கு உடல் பழகுதல் என்பது வேறு. ஏறக்குறைய 2,500 மீட்டர் வரையில் பெரும்பாலோர் உடல் உயரத்தை ஒரு பொருட்டாகக் கொள்வதில்லை. கல்சுபாயில் நூறு முறை ஏறியவனும் லே நகரில் இறங்கும்போது புதியவனே.

காரணம் எளிது. காற்றில் உயிர்வளியின் பங்கு எங்கும் 21 விழுக்காடுதான். மேலே செல்லச் செல்லக் குறைவது காற்றின் அழுத்தம். லே நகரில் அது கடல் மட்டத்திலுள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. ஒரு மூச்சில் மாட்டுங்காவில் கிடைப்பதில் மூன்றிலொரு பங்கை அங்கு இழக்கிறோம். உடல் முதலில் விரைந்து மூச்சு வாங்கி ஈடுகட்டப் பார்க்கும். அதனால் குருதியில் ஏற்படும் காரத்தன்மையைச் சிறுநீரகங்கள் சில நாட்களில் சரிசெய்யும். சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்வதற்கு வாரங்கள் ஆகும். இவ்வேலைகளில் எதையும் துரிதப்படுத்த மன உறுதியால் ஆகாது. இளமையும் உடற்கட்டும்கூட இவ்விடத்தில் காப்பதில்லை. தந்தை பழகிக்கொண்டதை மகனுக்குக் கொடுக்க இயலாது. சென்ற ஆண்டு பழகியது இவ்வாண்டுக்கு உதவாது. உடல் ஒவ்வொரு முறையும் தானே, தனக்கே, முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

இதனை நம் நாடு பெரும் விலை கொடுத்து அறிந்தது. 1962இல் சீனப் போரின்போது சமவெளியிலிருந்து அவசரமாக மேலே அனுப்பப்பட்ட வீரருள் பலர் எதிரியின் குண்டுக்கு முன்னே உயரத்துக்கு இரையாயினர். நுரையீரலில் நீர் கோத்தது. சிலர்க்கு மூளை வீங்கியது. இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் உடனுழைத்தோரும் 1,925 வீரர்களிடம் இந்நோயை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட கட்டுரை, உலக மருத்துவர் இன்றும் எடுத்துக்காட்டும் கட்டுரைகளுள் ஒன்று. இன்று தரைப்படையின் விதி தெளிவானது. லே போன்ற உயரத்தில் வந்திறங்கும் வீரனுக்கு ஆறு நாட்கள் உண்டு. முதலிரு நாட்கள் ஓய்வு. அடுத்த இரு நாட்கள் சமதரையில் மெல்ல நடை. ஐந்தாம் ஆறாம் நாட்களில் சற்று நீண்ட நடையும், 300 மீட்டர் அளவுக்குச் சிறு ஏற்றமும். பின்னரே மேல்நிலைக்கு அனுப்புவர். அங்கும் மீண்டும் நாள்கணக்கு உண்டு. சியாச்சினில் காவல் நின்ற மெட்ராஸ் ரெஜிமெண்டுத் தமிழ் வீரர்களும் இச்சிறு நடைகளை நடந்தே மேலே சென்றவர்கள்.

மலையேறுவோரும் இதே வழியைப் பின்பற்றுகின்றனர். பகலில் சற்றே உயரமான குன்றில் ஏறி, இரவில் கீழே வந்து உறங்குவர். உறங்கும் இடத்தின் உயரமே கணக்கில் கொள்ளத்தக்கது. ஆகவே அக்குன்றில் ஏறுவதைப் போலவே இறங்குவதும் வேலையின் பகுதி.

எம் மகளின் குழுவினருக்கு ஒரு வழக்கம் இருந்தது. நாள்தோறும் காலையும் மாலையும் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே மதிப்பெண் இட்டுக்கொள்வர். கனடாவின் லேக் லூயிஸ் என்னும் இடத்தின் பெயரால் வழங்கும் முறை அது. தலைவலி, வயிற்றுக் குமட்டல், சோர்வு, தலைச்சுற்றல் ஆகிய நான்குக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை. தலைவலியும் இருந்து மொத்தம் மூன்றோ அதற்கு மேலோ வந்தால் மலைநோய் எனக் கொண்டு, மேலே ஏறாமல் நிற்றல் வேண்டும். எவ்வளவு எளிய முறை! ஆயின் இதில் ஒரு வியப்பு உண்டு. இந்நான்கில் ஒன்றையும் அளக்கக் கருவி கிடையாது. அவரவர் சொல்வதே அளவு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை 2020இல் தாராவியில் வீடு வீடாகக் கொண்டுவந்தபோது நம்மவர் அனைவரும் அறிந்துகொண்டோம். மகள் அதை உடன் கொண்டுவந்திருந்தாள். லேயில் இரண்டாம் நாள் காலையில் எமக்கு 86 காட்டியது. துணைவியாருக்கும் 86 காட்டியது. அவருக்குத் தலைவலி சிறிதும் இல்லை. எமக்கோ இரவு முழுதும் நெற்றியில் யாரோ சுத்தியலால் தட்டுவது போலிருந்தது. கருவி இருவரையும் ஒன்றாகவே கண்டது.

அன்று காலை மகள் எம்மை நோக்கி, "அப்பா, உங்கள் மதிப்பெண்?" என்று கேட்டாள். "பூச்சியம்" என்றோம்.

ஏன் அவ்வாறு சொன்னோம்? பொய் சொல்லவேண்டும் என்று எண்ணிச் சொல்லவில்லை. மறுநாள் கார்துங் கணவாய்க்குச் செல்ல வண்டிக்கு முன்பணம் கொடுத்திருந்தோம். துணைவியார் அதைக் காண ஆவலாயிருந்தார். அதற்கடுத்த நாள் மகள் தன் குழுவுடன் புறப்பட வேண்டும்; தந்தை படுத்திருக்க அவள் செல்லாள் என்பதை அறிவோம். எமக்காக மற்ற இருவர் மகிழ்ச்சி கெடலாகாது என்பதே அப்பொழுது மனத்தில் நின்ற எண்ணம். இவ்வெண்ணம் நல்லதன்றோ?

அன்று முற்பகல் மூவரும் சாந்தி ஸ்தூபிக்கு நடந்தோம். ஜப்பானிய பௌத்தத் துறவியரும் லடாக் பௌத்தரும் சேர்ந்து எழுப்பி 1991இல் திறக்கப்பட்ட வெண்ணிறக் கோபுரம் அது. ஏறத்தாழ 500 படிகள். செம்பூர்ப் படிக்கட்டைப் போல ஐந்து மடங்குக்குச் சற்றுக் குறைவு எனக் கொள்க. வேனிற்காலத்து வெயிலில் கீழே பசுமையான பாப்ளர் மரங்களும், அவற்றிற்கு அப்பால் மரமே இல்லாத மஞ்சள் மலைகளும், அவற்றிற்கும் மேலே பனியும் தெரிந்தன. பத்துப் படிக்கு ஒருமுறை நின்றோம். நின்றபொழுதெல்லாம் மலைகளைக் காண்பது போல நின்றோம். கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு கோபுரத்தை வணங்குவாரை நினைவு கூர்க.

பாதிக்கு மேல் ஏறியபின் மகள் எம்மருகே வந்து அமர்ந்தாள். "அப்பா, நேற்று இரவு உணவை நீங்கள் உண்ணவில்லை. இப்போது மூன்றாவது முறை நெற்றியைப் பிடித்துக்கொண்டீர்கள். தாத்தாவும் இப்படித்தான் நலம் நலம் என்று எழுதுவார் என்று பாட்டி சொல்வாளே" என்றாள். குரலில் சினமில்லை, அதுதான் எம்மைச் சுட்டது.

இவ்விடத்தில் எம் தந்தையாரைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். அவர் 1969இல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய் வந்து, தாராவியில் தோல் பதனிடும் கூடமொன்றில் வேலைக்கு அமர்ந்தார். குடும்பம் ஊரில். மாதந்தோறும் மணியார்டர் வரும். அப்படிவத்தின் அடியில் செய்தி எழுதுவதற்கென ஒரு சிறு துண்டு இருந்ததை மூத்த அன்பர்கள் மறந்திரார். அத்துண்டில் இருபத்திரண்டு ஆண்டுகள் எம் தந்தையார் எழுதியது ஒரே செய்தி: "யான் இங்கு நலம். நீங்கள் அனைவரும் நலமா?" கடைசி இரண்டாண்டுகள் அவருக்கு இருமலும் மாலைக் காய்ச்சலும் இருந்தன. அதையும் நலம் என்றே எழுதினார். 1991இல் ஊர் திரும்பியவரை எம் அன்னையார் வாசலில் கண்டபோது அடையாளம் தெரியவில்லை என்பார். காசநோய்க்கு அப்பொழுதே மருந்து இருந்தது. முன்னரே அறிந்திருந்தால் ஆறு மாதத்தில் தீர்ந்திருக்கும். 1993இல் அவர் மறைந்தார். அவர் தியாகி என்று ஊரார் கூறினர். நாமும் அவ்வாறே கூறி வந்தோம்.

வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் ஓர் இடம் தந்திருக்கிறார். குற்றம் நீங்கிய நன்மை விளையுமாயின் பொய்யும் மெய்யின் நிலையைப் பெறும் என்பது அவர் கருத்து. அன்பினால் பொய் சொல்வோர் அனைவரும் இவ்விடத்திற்றான் அடைக்கலம் புகுகின்றனர். நாமும் அப்படிக்கட்டில் அமர்ந்தபடி மனத்தளவில் அங்கே புகுந்தோம். ஆயின் புகுந்தபின் ஓர் ஐயம் எழுந்தது. நன்மை விளையும் என்பதை முன்கூட்டி யார் அறிவார்? பிறர் துயரை ஆற்ற ஒரு பொய் சொல்பவன் அதன் பயனை ஓரளவு கண்ணாலே காண்கிறான். தன் உடலில் என்ன நிகழ்கிறது என்பதைத் தானே அறியாதவன், அதைப் பற்றிச் சொல்லும் பொய்யின் பயனை எவ்வாறு அறிவான்? அத்தலைவலி மறுநாள் தானே நீங்கியிருக்கலாம். அன்றிக் கார்துங் கணவாயில், மேலும் 1,800 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், அதுவே மூளை வீக்கமாகியும் இருக்கலாம். அது ஒரு நாளுக்குள் உயிரைப் பறிக்க வல்லது. அந்நிலையில் எம்மைத் தூக்கிச் சுமக்க வேண்டியவர் யார்? எவர் மகிழ்ச்சிக்காகப் பொய் சொன்னோமோ அவரே.

இன்னொன்றும் உண்டு. "பூச்சியம்" என்ற ஒரு சொல்லால், துணைவியாரும் மகளும் கூடிச் செய்ய வேண்டிய முடிவை நாமே தனியாகச் செய்துவிட்டோம். அவர்கள் கணவாய்க்குச் செல்வதா, தங்குவதா என்று எண்ணிப் பார்க்கும் வாய்ப்பையே அவர்களுக்குத் தரவில்லை. அன்பின் பெயரால் செய்தோம் என்பது உண்மை. ஆனால் அவ்வன்பிற்குள் சிறிது தற்பெருமையும் ஒளிந்திருந்தது. பிறர்க்குப் பாரமாகிவிடலாகாது என்ற அச்சம் நம்மவர்க்குச் சற்று மிகுதி. பிழைக்க வந்த ஊரில் "முடியவில்லை" என்று சொல்லலாகாது என்பதை நாம் தாய்ப்பாலோடு பருகியுள்ளோம்.

முன்வைத்த காலைப் பின்வையாமையே தமிழர் மறம் என்று மேடைதோறும் கேட்கிறோம். திருநாவுக்கரசர் கயிலைக்குச் சென்ற வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார். கால் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும் ஊர்ந்து, திரும்பிச் செல் என்று சொல்லப்பட்டும் திரும்பாதவர் அப்பரடிகள். அதைப் படித்து உருகாத தமிழர் இல்லை. எனினும் அதை மலையேறுவோர்க்கு முன்மாதிரியாகக் கொள்வது பொருந்தாது என்று துணிந்து கூறுவோம். அப்பரடிகள் தனியே சென்றார். அவர் தளர்ச்சியை அவர் மறைக்கவும் இல்லை. இறுதியில் அவர் கயிலைக் காட்சியைக் கண்டதும் மலையுச்சியில் அன்று. பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தபோதே. திரும்பி வந்த இடத்தில் கிடைத்தது அது.

இங்கு எம் சிந்தனை வேறொரு பக்கம் திரும்பியது. அச்சிறு குன்று எதற்காக இருக்கிறது? உடலைப் பழக்க என்பர். மெய்தான். ஆயின் மெய்யைச் சொல்வதற்கு மிகவும் விலை குறைந்த இடமும் அதுவே. அங்குத் தலை வலிக்கிறது என்றால், அரை மணி நேரத்தில் கீழே இறங்கி வெந்நீர் பருகிப் படுத்துக்கொள்ளலாம். வண்டி முன்பணம் போகும், ஒரு நாள் போகும், அவ்வளவே. அதே உண்மையை 5,000 மீட்டரில் சொன்னால், பனிப்பாறையில் ஒருவர் உடன் இறங்க வேண்டும். ஒரு குழுவின் ஓராண்டு உழைப்பு போகும். மலிவாக இருக்கும்போது சொல்லாத உண்மையை விலையேறியபின் யாரால் சொல்ல முடியும்?

எம் தந்தையாரைப் பற்றிய எம் சினம் (சினம் இருந்தது என்பதை இப்பொழுது ஒப்புக்கொள்கிறோம்) அப்படிக்கட்டில்தான் சற்றுத் தணிந்தது. அவருக்குச் சிறு குன்று என்று ஒன்று இருந்ததே இல்லை. இருமல் என்று கூடத்தில் சொன்னால் அன்றைய கூலி இல்லை. உடன் தங்கியிருந்தோரிடம் சொன்னால் பாயை வேறிடத்தில் விரிக்கச் சொல்வர். ஊருக்கு எழுதினால் அங்கு அடுப்பெரிவது எப்படி என்ற கவலை. முதல் நாள் முதலே அவருடைய உண்மை விலை மிகுந்ததாயிருந்தது. பொய் சொன்னது அவர் குற்றமெனில், உண்மையை அவ்வளவு அரிய பொருளாக்கி வைத்தவர்க்கும் அதில் பங்குண்டு. மாதம் தவறாமல் பணம் வந்ததால் இரண்டாவது வினா எழுப்பாத நம் குடும்பத்தார்க்கும் உண்டு. எமக்கோ அந்த மன்னிப்பு இல்லை. கேட்பவள் மகள், இறங்க 300 படிகள், இழப்பது சில ஆயிரம் ரூபாய்.

"நான்கு" என்றோம். தலைவலிக்கு இரண்டு, வயிற்றுக்கு ஒன்று, சோர்வுக்கு ஒன்று.

மூவரும் ஸ்தூபியைக் காணாமலே இறங்கினோம். துணைவியார் வழியெல்லாம் எம்மிடம் பேசவில்லை. கணவாய் போயிற்றே என்பதற்காகவன்று. தம்மிடம் முதலில் சொல்லாமற் போனதற்காக. அது நியாயமே. இரண்டு நாட்கள் படுத்திருந்தோம்; வலி நீங்கிற்று. கார்துங் கணவாய்க்கு நாம் செல்லவே இல்லை. அங்குள்ள பலகையில் நெடுங்காலம் 18,380 அடி என்று எழுதியிருந்ததாம். பின்னர் முறையாக அளந்தபோது 5,359 மீட்டர், அதாவது அதைவிட ஏறத்தாழ 800 அடி குறைவு என்று தெரிந்தது. மலையின் பொருட்டும் யாரோ கூட்டிச் சொல்லியிருக்கின்றனர் என்று எண்ணிப் படுக்கையிலேயே சிரித்துக்கொண்டோம்.

மகள் குறித்த நாளில் புறப்பட்டாள். தந்தை நலமடைந்து வருகிறார் என்று தன் கண்ணால் கண்டபின்னரே புறப்பட்டாள். நாம் மும்பை திரும்பினோம். எட்டு நாட்கள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தாள். சிகரத்தில் ஏறவில்லை என்றாள். அடிவார முகாமில், உச்சிக்குப் புறப்பட வேண்டிய இரவுக்கு முந்திய மாலையில், அவள் தோழியொருத்தி தன் மதிப்பெண்ணை ஐந்து என்று சொன்னாளாம். அவளைத் தனியே இறக்க முடியாது. வழிகாட்டி ஒருவரும் குழுவில் ஒருவரும் உடன் செல்ல வேண்டும். எம் மகள் சென்றாள். மற்றவர் மூவர் உச்சியைக் கண்டனர்.

உண்மையைச் சொல்பவர்க்கு ஒரு விலை உண்டென்பதைப் பற்றியே இதுகாறும் எண்ணி வந்தோம். கேட்பவர்க்கும் ஒரு விலை உண்டு, அது சில வேளைகளில் அதிகம் என்பதை அன்றுதான் கண்டோம். ஓராண்டு மாலைதோறும் அவள் முதுகில் பையைச் சுமந்துகொண்டு மாடிப்படிகளில் ஏறி இறங்கிப் பழகியதை நாம் அறிவோம். பகுதிநேர டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் அது என்பதையும் அறிவோம்.

வீடு திரும்பியபின் இரண்டு நாட்கள் அவள் அதிகம் பேசவில்லை. நாமும் ஆறுதல் கூறத் துணியவில்லை. கூறினால் அதுவும் ஒரு நலம் விசாரிப்புக் கடிதம் போலாகிவிடும் என்று தோன்றிற்று. மூன்றாம் நாள் மாலை அத்தோழி மாட்டுங்காவிலிருந்து வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றாமலே சிறிது நேரம் நின்றாள். எம் மகள் உள்ளிருந்து வந்து, "வாடி, உள்ளே வா. உன் மேல் கோபமாகத்தான் இருந்தேன், இப்போது பாதிதான் மிச்சம்" என்றாள்.

துணைவியார் இருவருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்தார்.